முடிவுக்கு முன்னமே அம்மா பிடித்த கதை

நூல்நிலையத்தில் மர்மக் கதை கேட்டு வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கிற நாவல் ஒன்று உண்டு. அதில் கொலை இல்லை, துப்பறிகிறவரும் இல்லை. அயலில் இரண்டு தாய்மார், இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிற ஒரு விஷயம். ஆட்களின் குணத்தை வைத்தே உண்மையைப் பிடிக்கவேண்டும். நல்ல புத்தகம், கட்டாயம் வாசியுங்கோ என்றுதான் சொல்லுவேன். என் வீட்டில் அது என்ன செய்தது என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் கடைசி. கிளிநொச்சியில், குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயற்காணியில் நானும் அம்மாவும் இருந்தோம். ஐயா செத்துப்போயிருந்தார். எனக்குப் பத்தொன்பது வயது. சிநேகிதி தந்த அந்த நாவலை ஒருதரம் வாசித்து முடித்துவிட்டு, அம்மாவுக்காக மறுபடி தொடங்கினேன். அவாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், கதை கேட்பதென்றால் உயிர். குசினியில் அவா மீன் வெட்டிக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் இருந்து உரத்து வாசித்தேன்.

பாதியில் ஓர் இடம். பிள்ளைக்குக் காய்ச்சல். தாய் கஞ்சி காய்ச்சுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி வாசல் படலையடியில் நின்று சுகம் விசாரித்துவிட்டு, உள்ளே வராமலே போகிறாள்.

"அவள்தான் பெத்தவள்," என்றா அம்மா.

கடைசி அத்தியாயத்தில்தான் அது வெளியே வரும். நான் அதிசயப்பட்டேன். "எப்பிடியம்மா கண்டுபிடிச்சனீங்கள்?"

"உள்ள வந்தா தூக்கவேண்டி வரும். தூக்கினா விட மனம் வராது. உன்ர சின்னம்மாவும் இப்பிடித்தான்..."

சொல்லி முடிக்காமல் மீனை அலசத் தொடங்கினா.

சின்னம்மா அம்மாவின் தங்கை, பளையில் கல்யாணம் கட்டியிருந்தவா. எப்போதாவது வருவா, எனக்குச் சட்டைத்துணி தருவா, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று படலையோடு திரும்பிவிடுவா.

"அப்ப என்னைப் பெத்தது சின்னம்மாவோ?"

அம்மா மீனைப் பார்த்தபடி "ஓம்" என்றா. "அவளுக்குக் கல்யாணம் நடக்க முன்னம். ஊர்ச்சனத்துக்குத் தெரியக்கூடாதெண்டுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தனாங்கள்."

"காணிக்காக வந்தனாங்கள் எண்டெல்லோ ஐயா சொன்னவர்?"

காடு வெட்டி, யானைக்குக் காவலிருந்து மண்ணைத் திருத்தின கதையை ஐயா எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருப்பார். நானும் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தவள்.

மறுநாள் அம்மாவுக்குச் சொல்லாமல் பளைக்குப் பஸ் ஏறினேன். சின்னம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நான் அறிந்ததைச் சொன்னதும் முதலில் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தா, கணவர் இருக்கிறாரோ என்று.

"அக்கா சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணினவா. என்னை ஏமாத்திப்போட்டா," என்றா.

என்னைப் பற்றி ஒரு சொல் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இவருக்குத் தெரிஞ்சா என்ர பிள்ளையளின்ர கதி என்ன?"

அந்தப் பிள்ளைகளில் நான் இல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ என்றா. குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் அவா சொல்லுகிற எதையும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கிற பழக்கம் வந்துவிட்டது, சந்தையில் அரிசி விலையைக்கூட. அது அவாவுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குச் சின்னம்மா வரவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனையாம் என்று அம்மா சொன்னா. அதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.