பிள்ளையாருக்குப் பாராசூட்

தேவிபட்டினத்தில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. கீழே வீட்டுக்காரர் பாய். துபாயில் உழைத்துக் கட்டிய வீடு. லிஃப்ட் வைப்பதற்குள் அவருக்கு விசா முடிந்துவிட்டது. தெரு ஆடுகள் அவர் மனைவியின் மல்லிகைச் செடியை மேய்ந்துவிடும் என்று கேட்டை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். என் கணவருக்கோ சாவி எடுத்துப்போகும் பழக்கம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தால், தூங்குகிற பாயை எழுப்பக் கூடாதே என்ற நாகரிகத்தில் மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்: "ஏய், சாவியப் போடு!"

நான் இறங்கிப் போகலாம். திரும்ப ஏற வேண்டுமே.

எங்கள் சாவிக்கொத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார் தொங்குவார். கோடை விடுமுறையில் ஒருநாள் அவர் நேராக என் கணவரின் மண்டையில் இறங்கினார்.

"கொல்லப் பாக்குறியா?"

"பிடிக்கத் தெரியாதவுகளுக்கு வீடு எதுக்கு?" என்றேன்.

சத்தம் கேட்டு வெளியே வந்த பாய், "சாமியே இறங்கி வந்திருக்காரு, தலையக் குடுக்காம இருக்க முடியுமா சார்?" என்றார்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். சின்னதாக, கனமாக விழும் பொருளைக் காற்று கண்டுகொள்ளாது. அகலமாக ஏதாவது கட்டிவிட்டால் கீழிருந்து தாங்கும், வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. வருஷா வருஷம் நடத்துவதுதான். ஜவுளிக்கடைப் பையை வெட்டி, நான்கு மூலையிலும் நூல் கட்டி, பிள்ளையாரைத் தொங்கவிட்டேன். பரணிலிருந்து போட்டுப் பார்த்ததில் புதுப்பெண் மாதிரி நிதானமாக வந்து இறங்கினார்.

மறுநாள் மதியம் பெருமையோடு போட்டேன். வெளியே மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மெதுவாக இறங்குகிறவருக்கு ஊர் சுற்ற நேரம் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஏந்திய கைகளைத் தாண்டி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு முருங்கையில் போய் உட்கார்ந்தார்.

"சாவி கேட்டா பட்டம் விடுறா!" என்று கணவர் தெருவுக்கே முறையிட்டார்.

பக்கத்து வீட்டில் கருவாடு போடும் அக்கா ஓடி வந்தாள். "யாரும் ஏறிராதீக, முருங்கை முறிஞ்சிரும்!" என்று தொரட்டியை நீட்டினாள். கணவர் எக்கி இழுத்தார். நூல்கள் அறுந்தன. பை மரத்திலேயே நின்றது. பிள்ளையார் பழைய வேகத்தில் புறப்பட்டு, கீழே மீன் ஊறிக்கொண்டிருந்த உப்புத் தொட்டியில் 'தொபுக்'கென்று குதித்தார். ஆபீஸ் சட்டை முழுக்கத் தண்ணீர்.

மேலேயிருந்து சிரித்தேன். நிறுத்த முடியவில்லை.

கையை முழங்கைவரை தொட்டியில் விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். அன்று சனிக்கிழமை, வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. கவிச்சி நாற்றத்துக்கு நடுவே சாப்பிட்டார்.

இப்போது சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார். கேட்டைத் திறக்கத் தெருவில் நின்று சட்டையைத் தூக்கி, வயிற்றைப் பூட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பாயின் மனைவி அந்த நேரத்துக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருவதை நிறுத்திவிட்டார்.