விண்வெளிக்குப் போன மில் தொழிலாளிக்கு ராஜபாளையத்தில் ஒரு சிலை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாதம் போன பயணம் இது. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணுக்கு ராஜபாளையத்து நூற்பாலைப் பெண்கள் நினைவுச்சின்னம் வைக்கிறார்கள் என்று பேப்பரில் மூன்று வரிச் செய்தி. ரஷ்யாக்காரருக்கும் ராஜபாளையத்துக்கும் என்ன உறவு? எனக்கோ விண்வெளிப் பைத்தியம். கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மதுரையில் காலை 10.50 பஸ். 85 கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய் (அன்றைய விலை, சண்டைக்கு வராதீர்கள்). வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மலை கூடவே வரும். 1.30க்கு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் மில்.

வாசலுக்கு எதிரே நாலடிப் பீடம். கல்லில் அந்தப் பெண்ணின் பெயர், கீழே 'மில் தொழிலாளி'. மேலே சிலையைக் காணோம். யாரோ மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அந்தம்மா உசுரோடல்லா இருக்காக. எப்படிச் சிலை வைக்க?" என்றார். விண்வெளிக்குப் போனவர் உயிரோடு இருப்பது எனக்கும் தெரியும். அது தெரியாமலா பீடம் கட்டினார்கள்? மண்டை காய்ந்தது.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதி ஷிப்ட் விட்டது. தலையில் பஞ்சோடு வந்த பெண்களில் ஒருவரைக் கடைக்காரர் கைகாட்டினார். பேச்சியம்மாள், நாற்பது வயதிருக்கும். இருபது வருடமாக நூல் அறுந்தால் ஒட்டும் வேலை. வானத்துக்குப் போன அம்மாவும் முன்னால் மில்லில் வேலை பார்த்தவர் என்று ஒரு கூட்டத்தில் கேள்விப்பட்டு, சிலை வைக்க முன்னின்றவர் இவர்தான். உறவு ஒருவழியாகப் புரிந்தது. சிலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசாரி பட்டறையில் இருக்கிறது, முடிவு சொல்ல அங்கேதான் போகிறேன், நீங்களும் வாங்க என்றார். என்ன முடிவு என்றதற்குச் சிரித்தார்.

பதினோரு கிலோமீட்டர், ஒன்றேகால் ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ஆசாரி சாக்கை விலக்கினார். சிமெண்ட் சிலை. விண்வெளி உடை, கையில் தலைக்கவசம். முகத்தைப் பார்த்தேன், திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அச்சு அசல் அவர்தான், மூக்குத்தி மட்டும் இல்லை.

கிடைத்த ஒரே படத்தில் முகம் மங்கலாகக் கிடந்ததாம். அதனால் பேச்சியம்மாளை எதிரே உட்காரவைத்துச் செய்துவிட்டார் ஆசாரி. உயிரோடு இருக்கிறவளுக்குச் சிலை வைத்தால் ஆயுசுக்கு ஆகாது என்று பேச்சியம்மாளின் அண்ணன்கள் குதிக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பெண்களும் பயந்துவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன 'அந்தம்மா' இவர்! வேண்டாமென்றால் முகத்தைக் கொத்தி எடுத்துவிட்டு வேறு பூசுகிறேன் என்று ஆசாரி உளியோடு நின்றார்.

பேச்சியம்மாள் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

"நான் செத்த பொறவு வச்சா, நான் பாக்கவா போறேன்? நாளைக்கே ஏத்திக் கொண்டாங்க ஆசாரி," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாதி வழியில் என்னிடம் கேட்டார்: "மேல போறப்ப அவியளுக்கும் பயமாத்தான இருந்திருக்கும், தம்பி?"

இருந்திருக்கும் என்றேன்.

போகிறவர்களுக்கு: ஷிப்ட் விடும் நேரத்தில் போனால்தான் சிலையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள், மே மாத வெயிலில் தாங்காது. முக்கியமாக, சிலைக்கு மாலை வாங்கிப் போகாதீர்கள். அதை யாருக்குப் போடுகிறோம் என்று எனக்கே இன்றுவரை தெளிவில்லை. அதற்கடுத்த வருடம், பீடத்தில் நின்ற சிலைக்கு ஒரு ரோஜா மாலையை ஏணி வைத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த பேச்சியம்மாள் அதே ஏணியில் ஏறி, மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.