குறும்படி

நாற்பது வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன், இங்கேயே வீடு கட்டி, ஒரு மகளையும் வளர்த்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லிக்கொள்வேன். நான்தான் சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொன்னதில்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள், "அப்பா பேசுறது மலையாளம் இல்ல, தமிழ மூக்கால பேசுறது" என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

முன்வாசல் கதவை மாற்ற முடிவு செய்தது என் மனைவிக்காக. தண்டுவடத்தில் ஒரு கட்டி வந்து, ஆபரேஷனில் உயிர் மிஞ்சியது, கால்கள் இரண்டும் மரத்துப் போயின. கைகளில் நல்ல வலு இருந்தது. சக்கர நாற்காலியைத் தானே உருட்டி வீடு முழுக்கச் சுற்றி வருவாள். வெளியே போவதுதான் முடியாது. பழைய முன்கதவு குறுகலான நிலையில் இரட்டைக் கதவு, நாற்காலி அதில் நுழையாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில், படிக்கட்டு உள்ள சமையல்கட்டுப் பின்வாசல் வழியாக இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் போவோம். அப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள்.

"அரிசி மூட்டைய எறக்குற மாதிரி இருக்கு. ஒருத்தர் கையும் படாம நானே கேட்டுக்குப் போகணும்ங்க. அது போதும் எனக்கு" என்று ஒருநாள் சொன்னாள்.

கேட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறாள் என்றால், மீன் வாங்க. விழிஞ்ஞத்திலிருந்து ஒரு அம்மாள் அலுமினியப் பாத்திரத்தில் மீன் கொண்டுவருவாள். கால் போன நாளிலிருந்து நான்தான் போய் வாங்குகிறேன். செவுள் பார்க்கத் தெரியாத மனுஷன் என்று தினம் திட்டு வாங்குகிறேன்.

கதவு செய்ய வந்த ஆசாரி பொறுமையான மனிதர். மகள் போனில், "அப்பா, நான் ஞாயித்துக்கிழமை வந்து அவர்ட்ட பேசுறேன்" என்றாள். நாற்பது வருஷம் ஆன எனக்கு மொழிபெயர்ப்பா? வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மரக்கடைக்கு ஆசாரியும் நானும் போனோம். ஒரு பலாத் துண்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல காதலுள்ள தடியாணு சாரே" என்றார். தடி என்றால் மரம், காதல் என்றால் நடுவில் வைரம் பாய்ந்த பாகம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைப் பெருமையாக விளக்கினேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். "இந்த வயசுல காதல் உள்ள தடியக் கண்டுபிடிச்சிட்டீங்களே" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

வேலை தொடங்கும் முன் ஆசாரியிடம் நான் சொன்னது இதுதான்: ஒற்றைக் கதவு, மூன்றரை அடி அகலம், படி வேண்டா. நாற்காலி உருண்டு போகணும். படி என்று நான் சொன்னது நிலையின் அடியில் குறுக்கே கிடக்கும் வாசப்படியை. எங்கள் வீட்டில் அதற்குப் படி என்றுதான் பெயர், வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுவது அதற்குத்தான். அவர் தலையாட்டி, "படி வேண்டா. மனசிலாயி சாரே" என்றார். மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து, வாசலுக்கு வெளியே இருந்த இரண்டு படிக்கட்டை இடித்துச் சரிவாகப் பூசவைத்தார். கேட்காமலே இவ்வளவு செய்கிறாரே என்று நான் மெச்சிக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு காலை நல்ல நேரத்தில் நிலை வைத்தார்கள். அடியில் பொன் வைக்கவேண்டும் என்றார் ஆசாரி. கல் விழுந்துபோன தன் பழைய மூக்குத்தியை மனைவி எடுத்துத் தந்தாள். நிலையின் அடியில் குறுக்கே ஒரு கட்டை இருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். கால்கள் விலகாமல் இருக்கத் தற்காலிகமாக அடித்திருப்பார், பிறகு எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

கதவை மாட்டி முடித்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மஞ்சள் நிறத்தில் மினுங்கிய கதவு, ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறந்தது. மனைவி தலை சீவி, வேறு சேலை உடுத்திக்கொண்டு நாற்காலியை உருட்டி வந்தாள். முன் சக்கரங்கள் கட்டையில் முட்டி நின்றன. மூன்று விரல் உயரம்தான் இருக்கும். பின்னால் போய் மறுபடி வந்தாள். மூன்றாம் தடவை முட்டிய பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"படி வேண்டான்னு சொன்னேனே" என்று ஆசாரி மேல் பாய்ந்தேன்.

அவர் வெளியே இருந்த சரிவைக் காட்டினார். "படி எடுத்தல்லோ சாரே." பிறகு குனிந்து கட்டையைத் தொட்டார். "இது குறும்படியல்லே? குறும்படி வேண்டான்னு சார் பறஞ்ஞில்லல்லோ."

அந்தச் சொல்லை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். இங்கே படி என்றால் வெளியே ஏறும் படிக்கட்டு, நிலையின் அடிக்கட்டைக்குப் பெயர் குறும்படி. மகளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள்.

ஆசாரிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும். ஒரு மணி நேர வேலைதான், இப்போதே அறுத்து எடுத்துவிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். பொன் வைத்து நிறுத்திய வாசப்படியை ஆடியில் அறுப்பதா? இங்கே அதைக் கர்க்கடகம் என்பார்கள், இங்கேயும் ஆகாத மாசம்தான். வீட்டுப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்குள் உதறல். ஒரு கண்டம் தாண்டி வந்தவள் அவள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அறுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஒரு மாசம்தானே. ஆவணி பொறக்கட்டும்."

"எத்தன மாசமா உள்ளயே கெடக்கேன்னு தெரியும்லா?"

எனக்குத் தெரியும். இருந்தும் ஆசாரியிடம் ஆவணி முதல் தேதி வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். பயம் என்று இப்போது சொல்கிறேன். அதில் பாதி, அவர் முன்னால் என் தப்பை அன்றே அறுத்துப் போடுவதில் இருந்த கூச்சம்.

அந்த மாதம் முழுக்க மழை. காலையில் கதவைத் திறந்து, கட்டையை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீன்கார அம்மாள் வந்தால் அங்கிருந்தே விலை கேட்பாள். நான் போய் வாங்கிவருவேன். தூக்கி வெளியே விடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆடி முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். வேறு எதற்கு, அவள் நலமாக இருக்கத்தான். அங்கே கூட்டம், திரும்பும்போது பஸ்ஸும் தாமதம். வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. கட்டைக்கு வெளியே, சரிவில், நாற்காலி கவிழ்ந்து ஒரு சக்கரம் மேலே பார்த்திருந்தது. மீன்கார அம்மாள் மழையில் தரையில் உட்கார்ந்து என் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"ஞான் வந்நு எடுக்காம்னு பறஞ்ஞதா. அம்ம கேட்டில்ல" என்று அழுதாள். தான் வந்து தூக்கிவிடுகிறேன் என்று அவள் சொல்லியும் இவள் கேட்கவில்லை. கதவின் சட்டத்தைப் பிடித்து, தன் கைவலுவில் நாற்காலியைக் கட்டைமேல் ஏற்றியிருக்கிறாள். ஏற்றியும்விட்டாள். இறங்கும்போதுதான் சாய்ந்தது.

தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. இரும்பு வைத்துக் கட்டினார்கள். எலும்பெல்லாம் உளுத்துவிட்டது, இனி நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, ஸ்டிரெச்சரோடு அந்த முன்வாசல் வழியாகத்தான் உள்ளே தூக்கி வந்தோம். மூன்றரை அடி தாராளமாகப் போதும். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

ஆவணி முதல் தேதி நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அன்று வீடு பூட்டியிருந்ததைப் பார்த்துத் திரும்பிப்போன ஆசாரி, நாங்கள் வந்தது தெரிந்து மறுநாள் காலை ரம்பத்தோடு வந்தார். நடந்ததைக் கேட்டு, "இனி வேணோ சாரே?" என்று தயங்கினார். அறுங்கள் என்றேன். அந்தக் கட்டையை இன்னொரு நாள் பார்க்க என்னால் முடியாது.

ரம்பச் சத்தம் படுக்கையறை வரை கேட்டது. அடியிலிருந்து எடுத்த மூக்குத்தியை ஆசாரி கழுவித் தந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இப்ப யாருக்கு அறுக்காங்க?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்" என்றேன்.

கேட்டில் மீன்கார அம்மாளின் குரல் கேட்டது.

"போங்க, போயி வாங்குங்க" என்றாள். "செவுளத் தூக்கிப் பாருங்க. நல்லா செவப்பா இருக்கணும்."