குடை கேட்டேன், குதிரை வந்தது

முந்தாநாள் காலையில் கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோபாலின் மகன் சைக்கிளில் வந்து இறங்கி, "அப்பா இல்லை" என்று மலாயில் சொன்னான். "காலங்காத்தால எங்கடா போய்ட்டான் உங்கப்பன்?" என்று வழக்கம்போல் கிண்டலாகக் கேட்டேன். பையன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கையில் இருந்த பலகையைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

கோபாலை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. எழுத்துப் பிழை இருந்தால் கோபாலின் பேரில் போட்டுவிடுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அவன் நம் காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிப் பழகிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் கம்போங்கில், அதாவது குடியிருப்பில், பிறந்தவன். வாடகைக்குக் குதிரை வண்டி ஓட்டினான். நெற்றி நிறையத் திருநீறு இருக்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். "கோயில்ல மட்டும் தமிழ்ச் சாமி கும்பிடுறியே, அந்தச் சாமிக்கு மலாய் தெரியுமா?" என்று சீண்டுவேன். "தமிழ் எனக்கு மாமியா வீடு காதர். விசேஷத்துக்கு மட்டும் போறது" என்பான்.

அந்த விசேஷம் என் கல்யாணத்தில் வந்தது.

துரைமார் தங்கள் ஊரில் பனி கொட்டும் என்று சொல்லிப் பெருமூச்சு விடும் டிசம்பர் மாதம் அது. நமக்குப் பனி ஏது? மழைதான். ஆனாலும் அந்த வருஷக் குளிருக்கு என் பல் தந்தி அடித்தது. குளிரா பயமா என்று கேட்காதீர்கள். பெண் வீடு செங் என்ற ஊரில். என் மாமனாராக வரவேண்டியவர் அரிசி வியாபாரி, சொன்ன சொல் மாறாதவர். பெண்ணைச் சிங்கப்பூர்ச் சொந்தத்தில் கொடுக்கத்தான் அவருக்கு ஆசை. அரை மனதோடு எனக்குச் சம்மதித்தவர், "சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்னாடி மாப்பிள்ளை வாசல்ல நிக்கணும். நேரம் தவறினா பேச்சும் தவறிரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் நாள் கோபால் வந்து, "இன்னிக்கு என்கூட தமிழ் மட்டும் பேசு. நாளைக்கு உங்க ஆளுங்க முன்னாடி நான் ஊமையா நிக்கணுமா?" என்றான். எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. வேண்டுமென்றே வேகமாகப் பேசினேன்.

"நாளைக்கு நல்ல குட நாலு கொண்டா. எனக்கு, என்னப் பெத்த அத்தாவுக்கு, தாய்மாமாவுக்கு, நிக்காஹ் ஓதுற லெபைக்கு. என்னுது பட்டுக் குஞ்சம் வச்சதா இருக்கணும்."

"நாலா?" என்று கண்ணை விரித்தான்.

"நாலுதான். ஏன், உன்னால முடியாதா?"

"முடியும், முடியும்" என்று மார்பைத் தட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மழைக்கு நடுவே வாசலில் கனைப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் அவனுடைய குதிரை, காதுக்குக் காது பட்டுக் குஞ்சம். பின்னால் அவன் கூட்டாளியின் குதிரை. அதற்கும் பின்னால் இரண்டு கழுதைகள்! கடற்கரைத் திடலில் மழையால் முடங்கிக் கிடந்த சர்க்கஸ்காரனிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். மலாயில் குதிரைக்கு 'குடா' என்று பெயர். மழைக்குப் பிடிக்கும் குடையை அவர்கள் 'பாயோங்' என்பார்கள். இவ்வளவுதான் நடந்த கதை.

மாமா குதித்தார். "ஏண்டா, என்னக் கழுத மேல ஏத்தி ஊர்வலம் விடப் போறியா?"

"கழுத இல்ல மாமா" என்றான் கோபால். "சின்னக் குடா. காது மட்டும் கொஞ்சம் பெரிசு."

நாங்கள் மாட்டுவண்டியிலேயே கிளம்பினோம். கோபால் முகம் வாடிப்போய்த் தன் பட்டாளத்தை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான். செங் போகும் வழியில் வயல் தண்ணீர் ரோட்டில் ஏறியிருந்தது. வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. மாடுகள் படுத்தே விட்டன. அஸருக்கு அதிக நேரம் இல்லை. சிங்கப்பூர் மாப்பிள்ளை என் கண் முன்னால் வந்து மீசையை முறுக்கினான்.

லெபைதான் முதலில் இறங்கினார். "நபிமாரே ஏறின சவாரி இது. நமக்கென்ன குறச்சல்?" என்று கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கழுதையின் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மாமா வாய் திறப்பாரா? அத்தா ஒரு குதிரை, நான் குஞ்சம் வைத்த குதிரை. கோபால் முழங்கால் தண்ணீரில் என் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். தலைக்கு மேலே மழை, பிடிக்க ஒரு குடை கிடையாது. மாமாவின் கழுதை ஆழத்தைக் கண்டு நிற்கும், அவர் "போம்மா, போடா ராசா" என்று கொஞ்சுவார். முதலில் அத்தா சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரத்தையும் மறந்து.

பெண் வீட்டு வாசலில் மாமனார் நின்றார். கழுதையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் சிரிப்பு நின்றுபோனது.

"என்ன இது?"

கோபால் முன்னால் வந்தான். முதல் நாளிலிருந்து மனப்பாடம் பண்ணிய தமிழ் அவனிடம் இருந்தது. "குட! மாப்பிள நாலு குட கேட்டாரு. நான் நாலு குட கொண்டாந்தேன்!"

மாமனார் தமிழ், மலாய் இரண்டு பாஷையிலும் அரிசி விற்றவர் அல்லவா? ஒரு நிமிஷம் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தலையில் இருந்த தொப்பி விழும் வரை சிரித்தார். "நனஞ்சாலும் நேரத்துக்கு வந்துட்டீங்க. உள்ள வாங்க, வாங்க" என்று அவரே என்னைக் கைகொடுத்து இறக்கினார். அடுக்களைப் பக்கம் பெண்களின் சிரிப்பு கேட்டது. அதில் ஒரு சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. என் மனைவியைப் பற்றி நான் முதலில் அறிந்தது அந்தச் சிரிப்பைத்தான், முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். நிக்காஹில் நான் சம்மதம் சொன்னபோது வெளியே கழுதையும் கத்தியது. யார் முதலில் சம்மதம் சொன்னது என்று மாமா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடைக்குக் குதிரை என்றுதான் பெயர். பேரப்பிள்ளைகள் மழை வந்தால் "குதிர எங்க?" என்று தேடுகிறார்கள். கோபால் வந்தால் கதவு மூலையைக் காட்டி, "உங்க குதிரைக்குப் புல்லு போட்டீங்களா?" என்று கேட்பான். மெனக்கெட்டுத் தமிழில்தான் கேட்பான்.

நேற்று அவன் உடலை எடுக்கும் நேரத்தில் தூறல் விழுந்தது. அவன் கொடுத்துவிட்டுப் போனவற்றில் எனக்கு இரண்டு மிச்சம், ஒரு சொல்லும் ஒரு மனைவியும். அந்த மனைவி அழுத கண்ணோடு, "குதிரய எடுத்துட்டுப் போங்க. அவரு நனையக் கூடாது" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன். காஜா பெராங் தெரு முழுக்க அவனுக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தேன். என் கல்யாணத்தில் நான் தலை முதல் கால் வரை நனைந்தேன். கோபால் நனையவில்லை.