ஜெட்டில் விட்ட ஊசி

ஊசியக்காவின் வீட்டுக்காரர் வாய் ஓயாத டிரைவர். அவருடைய வாடகைக் காரில் ஊர் போய் வந்தவர்களுக்குக் கால் வலிக்காது, காதுதான் வலிக்கும். எதிரே வரும் லாரி ஏன் இடப்பக்கம் சாய்கிறது, பின்சீட்டுப் பாட்டனாருக்கு ஏன் தூக்கம் வருகிறது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். அப்படிப்பட்ட மனிதர், பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதும் வாயை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் ஒரு வார்த்தை கிடையாது.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினார். "ஆ" என்று சொல்லச் சொன்னார், சொன்னார்.

"நாக்குல ஒரு குறையும் இல்லம்மா. கைத்தடி வச்சு நடக்கவும் செய்யலாம். அவருக்கா தோணணும்," என்றார் டாக்டர்.

தோணவில்லை. மாதங்கள் போயின. ஊசியக்கா கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தும் பார்த்தாள். ஒரு நாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள். ஒரு கல் குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவர், சாதத்தைப் பிசைந்து இடக்கையால் மெதுவாகத் தின்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. திட்டுகிற மனிதரைச் சமாளித்துவிடலாம், உப்பில்லாததைத் தின்கிறவரை என்ன செய்வது?

ஊசியக்கா என்பது தெரு வைத்த பெயர். முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறவள். ரவிக்கைத் தோளில் ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். முள் தைத்தால் அந்த ஊசி, பூட்டு திறக்காவிட்டால் அந்த ஊசி, உப்பு டப்பாவின் மூடித் துளை அடைத்துக்கொண்டாலும் அதே ஊசி. "எனக்கு நெஞ்சு அடைச்சாலும் இவ ஊசியாலதான் குத்தப் பாப்பா," என்று அவர் கேலி செய்வார். இப்போது அந்தக் கேலிக்காக அவள் ஏங்கினாள்.

ஒரு மதியம் நாத்தனார் வந்தாள். அண்ணன் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அவர் இல்லாதது போலப் பேசினாள்.

"ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்கு அண்ணி? கண்ணெதிர நின்னு மனுஷனை வதைக்குது. வித்துடுங்க."

அந்தக் கார் அவர்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் நின்றது. நாத்தனார் "வித்துடுங்க" என்றதும் அவருடைய இடக்கை விரல்கள் போர்வையை இறுகப் பிடித்ததை ஊசியக்கா பார்த்தாள். கண்ணும் பார்த்தது, மனசும் பிடித்துக்கொண்டது. இந்த மனிதருக்குள்ளே போக இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது, அது கொட்டகையில் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

பேட்டரியை சார்ஜ் செய்து வாங்கினாள். புதுப் பெட்ரோல் ஊற்றினாள். சாவியைத் திருப்பினால் வண்டி இருமியதே தவிர எழவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நாள் நின்னதுல கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் காஞ்சு பிசினாப் பிடிச்சிருக்கும்க்கா. இவ்ளோ பழைய மாடலைப் பிரிச்சா திருப்பிப் பூட்ட எனக்கு வராது. அண்ணன்தான் இதுல ராஜா. அவரு வேற ஆளைத் தொடவே விடமாட்டாரு."

"பிரிச்சுப் பூட்டறதுதானே? நான் பழைய கோட்டுச் சட்டையைப் பிரிச்சுத் தைக்கலையா?"

"கோட்டுல பெட்ரோல் ஓடாதுக்கா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் சாமான் கார்புரேட்டர். ஊட்டுகிற கை சரியாக இருந்தால்தான் பிள்ளை அழாது. அதைக் கழற்றித் துணி வெட்டும் மேஜைமேல் வைத்தாள் ஊசியக்கா. பழைய கோட்டு ஒன்றைப் பிரித்து அளவெடுக்கும்போது என்ன செய்வாளோ அதையே செய்தாள். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் வரிசையாக வைத்து, சுற்றி நீலச் சாக்கட்டியால் கோடு போட்டாள். பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள், அதற்குள்ளே பெட்ரோல் கசிந்து ஏறவில்லை. பெட்ரோல் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் கிழிந்துபோயிருந்தது, அதைக் காகிதத்தில் வரைந்து, அதே அளவில் புதியதைக் கத்தரித்தாள். அது அச்சாக உட்கார்ந்தபோது, சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

கடைசியில் ஜெட் மட்டும் மிஞ்சியது. பித்தளையில் செய்த சின்னத் திருகு. நடுவில் தலைமுடி அளவு துளை, அந்தத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். அது அடைத்திருந்தது. ஊறவைத்தாள், ஊதினாள், அசையவில்லை. அவள் கை தானாகத் தோளுக்குப் போனது.

ஊசி உள்ளே போயிற்று. ஒரு திருப்புத் திருப்பினாள். பிசின் உதிர்ந்து வெளிச்சம் தெரிந்தது. துணியில் ஊசி போன தடம் மூடிக்கொள்ளும், பித்தளையில் மூடாது. வாழ்நாளெல்லாம் துணியோடு பழகிய கைக்கு இது எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் பூட்டிச் சாவியைத் திருப்பினாள். வண்டி எழுந்தது. எழுந்தது என்றால் சாதாரணமாக இல்லை, அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு எழுந்ததுபோல் தடதடவென்று குதித்தது. பின்னாலிருந்து கரும்புகை. பெட்ரோல் நாற்றம் ஜன்னல் வழியே அறைக்குள் போயிற்று. போச்சு, கெடுத்துவிட்டேன், இருந்த ஒரு கதவையும் நானே அடைத்துவிட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஜெட்டுல ஊசியை விட்டியா?"

துருப்பிடித்த குரல். ஆனால் அவர் குரல். ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது.

அவள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

"விட்டிருக்க. ஓட்டை பெருசாயிடுச்சு. புது ஜெட்டுதான் போடணும். உன் ஊசியைத் துணியோட வச்சுக்கக் கூடாதா?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "இன்னொரு தரம் திட்டுங்க," என்று தோளைப் பிடித்துக் கேட்டாள். அவர் திரும்பவில்லை. ஆனாலும் கிடைத்த திட்டின் சந்தோஷத்தில் அன்று முழுக்க, வெட்டிய துணிமேல் கண்ணீர் விழுந்து கறையாகுமே என்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே தைத்தாள்.

பழைய சாமான் கடைகளை ஏறி இறங்கி, அதே அளவில் ஜெட் ஒன்று தேடி வாங்கி மாட்டினாள். இப்போது வண்டி எழுந்து ஓடிய சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகை இல்லை, குதிப்பு இல்லை. தகரக் கூரைகூட அதிரவில்லை. 'பேஷ்' என்று ஒரு வார்த்தை வரும் என்று ஜன்னலையே பார்த்தாள். மறுநாளும் ஓடவிட்டுக் காத்திருந்தாள். அதற்கடுத்த நாளும். உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு, "அண்ணன் ஓடவிட்ட மாதிரியே இருக்குக்கா," என்றார். அவளுக்கு அந்தப் பாராட்டு ருசிக்கவில்லை. வண்டி பிழைத்துவிட்டது, மனிதர் மறுபடி மூடிக்கொண்டார். எல்லாம் ஒழுங்காக நடக்கிற வீட்டில் இனி தனக்கு என்ன வேலை என்று அவர் படுத்திருக்கிறாரோ? அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேலும் வந்தது, சீராக ஓடிக்கொண்டிருந்த அந்த எஞ்சின்மேலும் வந்தது.

மூடியைத் தூக்கினாள். கார்புரேட்டரின் பக்கவாட்டில், கலவையைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று உண்டு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அதைத் தப்பான பக்கம் திருப்பினாள். எஞ்சின் முனகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நொண்டத் தொடங்கியது.

"ஏய்," என்றது ஜன்னல். "அந்தத் திருகை ஏன் தொடுற?"

அவள் பேசாமல் இன்னொரு திருப்புத் திருப்பினாள். பேசாமலிருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டுமே.

"நல்லா ஓடிட்டிருந்ததை எதுக்குடி கெடுக்குற?"

"நல்லா ஓடினா நீங்க பேச மாட்டேங்கறீங்களே," என்றாள் ஊசியக்கா.

உள்ளே சத்தம் நின்றது. வாயைக் கொடுத்து, வந்த பேச்சையும் விரட்டிவிட்டோம் என்று அவள் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிரீச்சிட்டது. வாங்கியதிலிருந்து மூலையில் சாய்ந்தே கிடந்த கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு இழுபடும் ஒரு கால். மறுபடியும் தடி.

அவள் எஞ்சினை அணைக்கவில்லை. திருகைச் சரிசெய்யவும் இல்லை.