மூன்று பல்புகளும் ஒரு கைப்பிடியும்

நேற்று வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கோயிலில் திருவிழா. அலங்கார விளக்குகள் மெதுவாகப் பிரகாசித்து மெதுவாக மங்கின. என் வலது கை தானாக முன்னால் நீண்டது. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தவர் நான் கேட்கிறேன் என்று நினைத்து ஒரு பிடி வைத்தார். சாப்பிட்டேன்.

அந்தக் கைப்பழக்கம் மின்நிலையத்தில் வந்தது. ஆற்றை மறித்த அணைக்குக் கீழே, தேயிலை மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன நிலையம். அப்போது நான் அங்கே பயிற்சிப் பொறியியலாளர். சூடான எண்ணெய் வாசம், அதிரும் தரை, சுவர்ப் பலகையில் மூன்று பல்புகள், கீழே ஒரு கைப்பிடி. எங்கள் இயந்திரத்தின் மின்சாரமும் வெளிக்கம்பியின் மின்சாரமும் ஒத்துப்போகாதவரை அவை எரிந்து எரிந்து மங்கும். ஒத்துப்போகும் கணத்தில் இருண்டுவிடும். அப்போது கைப்பிடியை இழுத்து இரண்டையும் இணைக்க வேண்டும். தவறினால் இயந்திரம் உதறி நின்றுவிடும்.

நான் இரண்டு முறை தவறினேன். குறிப்பேட்டில் பதினொரு காரணங்கள் எழுதினேன், ஒன்றும் உதவவில்லை.

"இன்னொரு தடவ இப்பிடி ஆச்சுன்னா நுவரெலியா ஆபீஸ்ல வரைபடம் பாக்க அனுப்பிருவேன்," என்றார் பொறுப்பதிகாரி.

"உதறுன உதறல்ல மெஷினுக்கு இருக்கிற பல்லெல்லாம் ஆடிப்போச்சுங்க மிஸ்," என்றார் அதை ஓட்டும் தங்கராஜ் அண்ணன்.

மூன்றாம் முறை பல்புகள் மங்கத் தொடங்கியபோது, நான் வளர்ந்த தோட்டத்து வரிசை வீடுகள், எங்கள் லயம், அதன் பீலி ஞாபகம் வந்தது. ஊற்றுநீர் விழும் அந்தக் குழாயடியில் வாளிகள் வரிசையாக நிற்கும். வாளி நிறைந்த பிறகு கை நீட்டினால் தண்ணீர் வீணாக வழியும், பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். ஒரு விரலளவு குறையும்போதே கை கிளம்ப வேண்டும். நானோ இங்கே முழு இருட்டைப் பார்த்த பிறகு இழுத்துக்கொண்டிருந்தேன்.

இருள்வதற்குச் சற்று முன்பே இழுத்தேன். உதறல் இல்லை. மீட்டரின் முள் மெல்ல மேலேறியது. எங்கள் ஆறு கம்பியில் ஏறி ஹட்டன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குதிக்க வேண்டும்போல் இருந்தது; குறிப்பேட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன்.

"வரைபடத்த இனி யாருங்க பாக்குறது?" என்று தங்கராஜ் அண்ணன் பொறுப்பதிகாரியைக் கேட்டார்.

அவர் என்னைப் பார்த்து, "நாளைக்கும் நீங்களே இழுங்க," என்றார்.

இப்போது கணினியே இணைத்துவிடுகிறது. திரையில் ஒரு பச்சைக் கட்டம் வரும். அதை அமைத்தவள் நான். இதுவரை ஒருமுறைகூடத் தவறவில்லை. பழைய பலகையிலிருந்து கழற்ற வேண்டியவற்றுக்கும் நான்தான் பட்டியல் எழுதினேன். பல்புகள் மூன்று, ஏழாவது வரி. எதிரே சரி போட்டிருக்கிறேன்.