பசீர் அகமது முன்கூட்டியே தோண்டிய குழி

என் வீட்டுக்காரர் பசீர் அகமதுவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், ரொம்ப நாள் நான் சாஃப்ட்வேர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். 2001 வரை அது உண்மையும்கூட. அமெரிக்காவில், சன்னிவேல் என்ற ஊரில் அவர் கம்பெனி ஒரே வெள்ளிக்கிழமையில் முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. வேறு வேலை தேடி டெக்சஸுக்கு வந்தோம், அதுவும் நிலைக்கவில்லை. அப்புறம் ஒருநாள், பள்ளிவாசல்காரர்களோடு அடக்கத்துக்கு நிலம் பார்க்கப் போன மனுஷன், அந்த நிலத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். நிலம் பார்க்கப் போனால் பார்த்துவிட்டு வர வேண்டியதுதானே?

அது ஒரு பெரிய ராஞ்ச், மாட்டுப் பண்ணை. சொந்தக்காரி டோரத்திக்கு எண்பது வயது. பழைய புல்லும் பறவையும் திரும்பி வரட்டும் என்று மாடுகளைப் பாதியாகக் குறைத்தவள். ஒரு மூலையை, எந்த மதமானாலும் சரி என்று, இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருந்தாள். பெட்டி கிடையாது, சிமெண்ட் கிடையாது, உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது கிடையாது. துணியில் சுற்றி மண்ணில் வைப்பார்கள், மேலே புல் முளைக்கும். நம் ஆட்கள் காலங்காலமாகச் செய்வதை அமெரிக்கர்கள் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசியதுதான் எனக்கு எரிச்சல். ஒரே கண்டிஷன், எந்திரம் உள்ளே வரக்கூடாது. கையால்தான் தோண்ட வேண்டும், அதுதான் இவர் வேலை.

ஜனவரியில், புதுப் புல் வரட்டும் என்று காய்ந்ததை ராஞ்ச் ஆட்களே கொளுத்துவார்கள். வாரம் முழுக்க அவர் சட்டையில் புகை வாசம் போகாது. மார்ச்சில் தரையெல்லாம் நீலப் பூ. பூவுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இவர் வாயைத் திறப்பதில்லை. ஜூன் வந்துவிட்டால் தரை பாறை. கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் திரும்பி வரும்.

அதனால் 2006 ஏப்ரலில், மண் ஈரமாக இருக்கும்போதே, ஒரு குழியைத் தோண்டித் தயாராக வைத்தார். மேலே பலகை போட்டு மூடினார். அளவு சரியா என்று பார்க்க அவரே உள்ளே இறங்கிப் படுத்திருக்கிறார். டோரத்தி அதைப் போட்டோ வேறு எடுத்திருக்கிறாள். பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் பெருமையாகக் காட்டினார். வாங்கின கையோடு குப்பையில் போட்டேன். அவர் முகத்தைக் குப்பையில் போடுவதா என்று மறுபடி எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன்.

"மச்சான், அதை மூடிடுங்க," என்றேன். "ஓப்பனா ஒரு குழி இருந்தா அது ஆளைத் தேடும். அதுவும் உங்க சைஸ்ல தோண்டி வச்சிருக்கீங்க."

"ஆகஸ்ட்ல யாராவது மௌத்தானா தோண்டவே மூணு நாள் ஆகும், முனவ்வரா. லேட் பண்ணாம அடக்கணும்னு சொல்றது நாமதானே?"

சொன்னது நியாயம்தான். நியாயம் பேசுகிற புருஷனோடு எப்படிச் சண்டை போடுவது? வேறு வழியில் இறங்கினேன். வீட்டில் நெய் நின்றது, ஆட்டுக்கறி நின்றது. ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி. தினமும் காலையில் பிரஷர் பார்த்தேன். குழி விஷயம் பள்ளிவாசலிலும் பரவி, என் சிநேகிதி பர்வினின் வீட்டுக்காரர் தன் ஹெர்னியா ஆபரேஷனையே தள்ளிப் போட்டார். முதலில் வேறு யாராவது போகட்டும் என்றாராம். ஜூலையில் இவர் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் கைகொடுத்துப் பாராட்டினார். காரணம் குழி என்று நான் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை போன் வந்தது. ராஞ்ச் நம்பர், தெரியாத ஆண் குரல். உங்கள் கணவர் விஷயமாகக் கூப்பிடுகிறேன், கொஞ்சம் வர முடியுமா என்றது. மேலே கேட்க எனக்குத் தைரியமில்லை, போனை வைத்துவிட்டேன். நாற்பது நிமிஷம் எப்படி டிரைவ் பண்ணினேன் என்று இன்றுவரை தெரியாது.

கேட்டைத் தாண்டியதும் பார்த்தேன். ஓக் மரத்தடியில் இவர் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஆள் தன்னை டோரத்தியின் மகன் என்றார். அம்மா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார், உங்கள் கணவரைத்தான் சமாதானப்படுத்த முடியவில்லை, அதனால்தான் கூப்பிட்டேன் என்றார்.

நான் இரண்டு கையையும் ஏந்தி, சத்தமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தாயை இழந்தவர் முன்னால் நின்றுகொண்டு அல்லாவுக்கு நன்றி சொல்கிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. அவரோ கண்கலங்கி, என் அம்மாவுக்காகத் துஆ செய்ததற்கு நன்றி என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்த வெயிலில் வேறு குழி வெட்ட வழியில்லை. இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பலகையை எடுத்தார். மறுநாள் காலை அடக்கம். டோரத்தி உயரத்துக்கு அது கச்சிதமாக இருந்தது.

வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். மகன் என்னையும் கூப்பிட்டார். எங்கள் ஊரில் பெண்கள் அடக்கம் பண்ணும் மையவாடிக்குப் போவதில்லை. மய்யத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்வரைதான் நமக்கு. இளையான்குடியில் என்னைப் பெற்ற அத்தா மௌத்தானபோது நான் போன் வழியாகத்தான் அழுதேன். ஊரில் இருந்திருந்தாலும் அவரை மண்ணில் வைப்பதைப் பார்த்திருக்க மாட்டேன். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு குழியின் ஓரத்தில் நின்றேன். குனிந்து மண்ணை அள்ளினேன். வெயிலில் சுட்டது. போட்டதும் எங்கிருந்தோ அப்படி ஓர் அழுகை வந்தது, நிறுத்தவே முடியவில்லை.

உங்களைப் போல ஒரு சிநேகிதி கிடைக்க என் அம்மா கொடுத்து வைத்தவர் என்றார் மகன். டோரத்தியோடு நான் மொத்தமே பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இன்னொரு பிடி போடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்று விலகி நின்றார். அத்தா பேரை வாய்க்குள் சொல்லி அதைப் போட்டேன்.